கிழக்குப் பார்த்த எஞ்சின்

பாப்பா, தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுக் கொட்டகையை ஒதுங்க வைத்தபோது, தார்ப்பாய்க்கு அடியில் ஒரு நான்கு சக்கர இரும்புக் கூட்டைப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டீர்கள். "இது என்ன வண்டிப்பா?" என்றான் தம்பி. அதற்குப் பதில் சுலபம். பைக் எஞ்சினை வைத்து, காடு கரம்பையில் ஓட்டுவதற்காக வீட்டிலேயே செய்த வண்டி. ஆனால் பாப்பா கேட்டதற்குத்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "வண்டியோட மூக்கு ஒரு பக்கம் இருக்கு, சீட்டு வேற பக்கம் பாக்குது. இது எந்தப் பக்கம்ப்பா போகும்?"

வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது லோடுக்குப் போன் போட்டுவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தாவை இதில் அப்பா என்றுதான் எழுதப்போகிறேன். அப்போது அவர் தாத்தா ஆகியிருக்கவில்லை. நீங்கள் கப்பலூர் தாத்தா என்று கூப்பிடுகிறீர்களே, அவர் என் தாய்மாமா. அவரை மாமா என்றே எழுதுகிறேன்.

அப்பா அறுப்பு மிஷின் டிரைவர். நெல் அறுவடைக் காலம் வந்தால் மேலூர்ப் பக்கம் தொடங்கி தஞ்சாவூர் வரைக்கும் போவார். பெரிய வீடு மாதிரி இருக்கும் அந்த மிஷின் மேல் அவர் உட்கார்ந்து வருவதைப் பார்க்க நான் கண்மாய்க் கரையில் போய் நிற்பேன். நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு ஈர வரப்பு சரிந்து மிஷின் ஒருக்களித்துவிட்டது. கீழே குதித்த அப்பாவின் வலது கால் மாட்டிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். சேர்ந்தது. ஆனால் முட்டி மடங்கவில்லை. கால் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டே நின்றுவிட்டது.

கக்கத்தில் தாங்குகட்டை வைத்து அவரால் நடக்க முடியும். டாக்டர் நடக்கத்தான் சொன்னார். ஆனால் அவர் வாசலைத் தாண்டவில்லை. முதல் வாரம் வெளியே போனபோது எதிரே வந்த ஒவ்வொருவரும், "அண்ணே, கால் இப்ப எப்புடி இருக்கு?" என்று கேட்டார்களாம். அன்பாகத்தான் கேட்டார்கள். டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அத்தனை பேருக்கும் பதில் சொல்லிவிட்டு வந்தவர், கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவ்வளவுதான். மழைக்காலம் போய், பொங்கல் போய், வெயில்காலமும் வந்துவிட்டது. ஜன்னலின் ஒரு கதவு சாத்தியிருக்கும், ஒரு கதவு திறந்திருக்கும். அந்தத் திறந்த பாதியில் அப்பாவின் பாதி முகம் தெரியும்.

அம்மாவுக்கு இருந்தது ஒரே கவலை. கால் போனதற்குக்கூட அவர் அழுது முடித்துவிட்டார். "மனுசன் வெளிய வந்து ஒரு சுத்துச் சுத்திட்டு வந்தாப் போதும்டா தம்பி. ஆள் உள்ளயே உக்காந்து கல்லாப் போயிருவாரு போல" என்று மாமாவிடம் அடுப்படியில் வைத்துச் சொல்வார். நான் அங்கேயே உட்கார்ந்து வடகம் தின்றுகொண்டிருப்பேன்.

மாமா கப்பலூரில் லாரிக்கு டிப்பர் தொட்டி கட்டும் ஒரு பட்டறையில் வெல்டர். ஒருமுறை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வாசல் குறுகல். லாரியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். டிரைவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு, "நீயே விட்டுருப்பா" என்று மாமாவிடம் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். மாமா ஒரு கையில் டீ கிளாஸோடு ஏறுவார். தலையை வெளியே நீட்டி, மற்றொரு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றுவார். லாரி, வளைக்குள் எலி போகிற மாதிரி உள்ளே போகும். டீ சிந்தாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சித்திரை மாதம் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஜன்னலோரம் நின்று கேட்டார். "மச்சான், பைக்கு சும்மாத்தான நிக்கிது. அந்த எஞ்சினத் தாரீங்களா? மருமகனுக்கு நாலு சக்கரத்துல ஒரு வண்டி கட்டப்போறேன். டி.வி.ல பாத்தேன். மணல், மேடு, பள்ளம் எல்லாத்துலயும் சும்மா எகிறி எகிறிப் போகுது."

அது அப்பாவின் பைக். நூறு சிசி, நான்கு கியர். பெட்ரோல் டேங்கில் என் பெயரைச் சிவப்பு ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தார். காலை மடக்க முடியாதவர் அதில் எப்படி உட்காருவார்? சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அப்பா பைக் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. "எடுத்துட்டுப் போ" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். நான் மட்டும் தெருவுக்கு ஓடினேன். எனக்குக் கார் வரப்போகிறது என்று ஊருக்கே சொல்ல வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமா வந்தார். போர்வெல் குழிக்கு இறக்கி மிச்சமான பழைய குழாய்களை வளைத்து உடம்பு செய்தார். ஆட்டோச் சக்கரம் நான்கு. பழைய பஸ் சீட்டு ஒன்று. உடைத்த வேனிலிருந்து ஸ்டீயரிங். எல்லாவற்றுக்கும் நீலப் பெயின்ட் அடித்தது நான். அப்பா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா கிளட்ச், பிரேக், கியர் என்று எல்லாவற்றையும் கைக்கு வரும்படி கம்பி நீட்டி வைத்தார். பைக்கில் கியரும் பின் பிரேக்கும் காலில்தானே இருக்கும்? கேட்டேன்.

"கால் ஒத்துழைக்காத ஆளுக்குக் கையிலதான் வைக்கணும். உனக்குக் கால் எட்டுமாடா?" என்றார்.

எட்டாதுதான். ஒப்புக்கொண்டேன். சீட்டுக்கு வலது பக்கம் மட்டும் நீளமாக ஒரு கம்பித் தட்டு வைத்தார். இது எதற்கு என்றேன். "உன் ஸ்கூல் பை வைக்க" என்றார். என் பையை வைத்துப் பார்த்தேன். இரண்டு பை வைக்கலாம் போல நீளமாக இருந்தது. ஆறாவது போனால் புத்தகம் கூடும், அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினை ஏற்றும் நாள் வந்தது. இனி அம்மாவின் பங்கு. "மிஷினு அவரு கால வாங்கிருச்சு. இதுவும் மிஷினுதான். நல்ல நேரம் பாக்காம, திசை பாக்காம ஏத்த விடமாட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன் முதல் வெல்டிங் விழுந்துவிட வேண்டும். எஞ்சின் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும். இரண்டுக்கும் மாமா தலையாட்டினார்.

ஆனால் அன்றைக்குப் பார்த்துக் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. எஞ்சினுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் குத்தி, மூன்று பேரும் வெல்டிங் மிஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி. மூன்றரை. நான்கு மணியும் தாண்டிய பிறகு விளக்கு எரிந்தது.

"ஏத்துடா, ஏத்துடா! ராகுகாலம் வந்திரும்!" என்று அம்மா கத்தினார். மாமா எஞ்சினைத் தூக்கினார். "கிழக்கு, கிழக்கு! கிழக்கப் பாத்து வை!" என்று அம்மா. மாமா கிழக்கைப் பார்த்து வைத்தார். பொறி பறந்தது. நாலரை அடிப்பதற்குள் நான்கு பக்கமும் பற்றவைத்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். அம்மா சூடம் காட்டினார். எங்களுக்கு இருந்த நிம்மதியில், நம் வாசல் மேற்கே இருக்கிறது, வண்டியின் மூக்கும் வாசலைப் பார்த்து மேற்கேதான் நிற்கிறது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் எஞ்சினுக்குத் தக்கபடி செயினையும் பல்சக்கரத்தையும் பொருத்தினபோதும் யோசிக்கவில்லை.

ஓட்டிப் பார்க்கும் நாளில் தெருவே நம் வாசலில் நின்றது. மாமா ஹெல்மெட் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். கிக்கரை மிதிப்பது என் வேலை. இரண்டு காலாலும் ஏறிக் குதித்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழைய சத்தம். அப்பா வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போது கேட்கும் அதே சத்தம். மாமா எல்லாரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கியரைத் தட்டி, கிளட்சை விட்டார்.

வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, பின்னால் போய் வைக்கோல் படப்புக்குள் நுழைந்தது.

மாமா வைக்கோலைத் துப்பிக்கொண்டு அடுத்த கியரைப் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. நான்கு கியரும் பின்னால்தான்.

"மாப்ள, வண்டி ரோட்டுக்கு வரமாட்டேங்குது, கொட்டத்துக்குத்தான் போவேங்குதே!" என்றார் டிராக்டர் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன்.

"பசிக்குது போல. வைக்கோல் திங்கிற வண்டிய இப்பத்தான் பாக்குறேன்" என்றது இன்னொரு குரல்.

சிரித்துச் சிரித்து ஒருவர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கார் அல்லவா! அப்போது ஜன்னலிலிருந்து சத்தமாக ஒரு குரல் வந்தது.

"வண்டி சரியாத்தான்டா போகுது. நீதான் மாறி உக்காந்திருக்க."

எல்லாரும் சிரிப்பை நிறுத்தினார்கள். தெருக்காரர்கள் அந்தக் குரலைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. மாமா வைக்கோலோடு எழுந்து நின்றார்.

"எஞ்சினத் திருப்பி வச்சிர்றேன் மச்சான். அறுத்துட்டு..."

"அறுக்காத!" என்றார் அம்மா. "நல்ல நேரத்துல, கிழக்கப் பாத்து, சூடம் காட்டி வச்சது. அதுல கை வச்ச, இந்த வீட்டுக்குள்ள வராத."

மாமா அம்மாவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அப்பா இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்ந்தார். முழு முகமும் தெரிந்தது.

"எஞ்சின ஏன்டா மாப்ள திருப்புற? சீட்டத் திருப்பு. ஸ்டீயரிங் கம்பிய அடியில விட்டு நீட்டிக்க. முன்சக்கரம் இழுக்கும், பின்சக்கரம் திரும்பும். அறுப்பு மிஷினு அப்புடித்தான."

மாமா ஜன்னலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தப்புச் செய்த வெட்கத்தில் நிற்கிறார் என்று நான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலையிலேயே சீட்டைத் திருப்பி முடித்துவிட்டார். ஸ்கூல் பைத் தட்டையும் அறுத்து, மறுபடி வலது பக்கம் வரும்படி மாற்றி வைத்தார். பை எந்தப் பக்கம் இருந்தால் என்ன, இதற்குப் போய் மெனக்கெடுகிறாரே என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலம் கண்மாயில் வைத்து ஓட்டுவது என்று ஏற்பாடு. கண்மாய் அப்போது காய்ந்து, நடுவில் கிரிக்கெட் ஆடும் அளவுக்கு வெட்டவெளியாகக் கிடந்தது. தேங்காய் உடைக்காமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "கிளப்பல அக்கா. கண்மாய் வரைக்கும் தள்ளிக்கிட்டே போறேன்" என்றார் மாமா.

அன்று மத்தியானம் ஊரில் ஒரு வீட்டில் காதுகுத்து. ஊர் முழுக்கப் பந்தியில் இருந்தது. ரேடியோ செட் அலறியது. நானும் அம்மாவோடு போய்ச் சாப்பிட்டேன். பாயசம் வரும்வரை பொறுமை இல்லாமல் வண்டியைப் பார்க்க வீட்டுக்கு ஓடிவந்தேன்.

நம் சந்து, கண்மாய்க்குத் திரும்பும் இடத்தில் இரண்டு பக்கமும் கருங்கல் சுவர். உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் என் குட்டியானை லோடு வண்டியை அதில் விடும்போது நான் கண்ணாடியை மடக்கிக்கொள்கிறேன். அந்தத் திருப்பத்துக்கு நான் வந்தபோது எதிரே நீல வண்டி வந்துகொண்டிருந்தது. மாமா ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு வந்தார். பல்லில் ஒரு வேப்பங்குச்சி இருந்தது. திருப்பத்தில் கொஞ்சம்கூட நிற்கவில்லை. வால் ஒரு சுழல் சுழன்றது, வண்டி வெளியே வந்துவிட்டது. நான் படலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டதால் அவர் என்னைப் பார்க்கவில்லை. சமமாக, சத்தம் மாறாமல், கண்மாய்ப் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் ஊரெல்லாம் கண்மாய்க் கரைக்கு வந்தது. மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தள்ளித் தள்ளி இடுப்பே விட்டுப்போச்சுக்கா" என்றார். அம்மா சொன்னதை மீறி ஓட்டியதை மறைக்கிறார் என்று புரிந்துகொண்டு, பெரிய மனுஷனாக நான் வாயை மூடிக்கொண்டேன்.

தேங்காய் உடைத்ததும் முதலில் ஏறியது பக்கத்து வீட்டு அண்ணன். "டிராக்டரே ஓட்டுறோம், இது என்ன பெரிய இது" என்றார். இடது பக்கம் திரும்ப நினைத்து ஸ்டீயரிங்கை ஒடித்தார். வால் வலது பக்கம் வீசியது. பயந்து மறுபக்கம் ஒடித்தார். பம்பரம் மாதிரி சுற்றி, வாய்க்கால் பள்ளத்தில் நின்றார். அடுத்து ஏறியவர் கரையில் முட்டினார். அதற்கடுத்தவர் கிரிக்கெட் ஸ்டம்பு மூன்றையும் எடுத்தார்.

"ஒதுங்குங்கப்பா, கட்டுனவனுக்குத்தான் தெரியும்" என்று மாமா ஏறினார். நான் கைதட்டினேன். வண்டி ஒரு நெளி நெளிந்தது, இன்னொரு நெளி நெளிந்தது, நேராகப் போய்ச் சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்துவிட்டது. மாமாவை இழுத்து எடுத்தபோது கை முழுக்கக் கீறல். சட்டை கிழிந்திருந்தது.

எனக்கு விளங்கவே இல்லை. மத்தியானம் அப்படி ஓட்டினவர்! யோசித்து ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன். மத்தியானம் பார்க்க ஆள் இல்லை. இப்போது ஊரே பார்க்கிறது. கண்பட்டுவிட்டது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் அப்படியே நம்பி, உப்பும் மிளகாயும் எடுத்து வர வீட்டுக்கு நடந்தார். அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் ரத்தக் கீறலோடு மாமா.

மாமா ஜன்னலடியில் போய் நின்றார்.

"மச்சான், அது மனுசன் ஓட்டுற வண்டி இல்ல. நாளைக்கு ஒரு லோடு ஆட்டோவக் கொண்டாந்து ஏத்திப் பழைய இரும்புக்குப் போட்டுர்றேன்."

நான் ஊளையிட்டு அழுதேன். அப்பா மாமாவின் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"லெப்ட்டுக்கு ஒடிச்சா வாலு ரைட்டுல வீசும்னு தெரியாதா? எம்புட்டு ஒடிச்ச?"

"ஒரு சுத்து."

"சுத்தா? கால் சுத்துக்கு மேல ஒடிக்கக் கூடாதுடா, மடையா" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "அந்தக் கட்டைய எடு" என்றார்.

அம்மா உப்பையும் மிளகாயையும் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

அப்பா படி இறங்கினார். வாசலைத் தாண்டினார். சந்து வழியாக, கண்மாய்ப் பக்கம். தாங்குகட்டையின் சத்தம் டொக் டொக் என்று கேட்டது. எதிரே வந்த ஒருவர் நின்று, "அண்ணே, எங்கண்ணே?" என்று கேட்டார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டார்.

"வண்டி முள்ளுக்குள்ள கிடக்காம்ல. எடுத்துட்டு வாரேன்" என்றார் அப்பா.

இளவட்டங்கள் வண்டியை முள்ளிலிருந்து தூக்கி வெட்டவெளியில் வைத்தார்கள். அப்பா சீட்டில் உட்கார்ந்து, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி ஸ்கூல் பைத் தட்டின் மேல் வைத்தார். அளவெடுத்த மாதிரி இருந்தது. "மிதிடா" என்றார். நான் ஏறிக் குதித்தேன். எஞ்சின் பிடித்தது. நானும் ஏறிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் வருவதற்குள் அப்பா கிளட்சை விட்டுவிட்டார்.

என் வண்டி நான் இல்லாமல் போனது. முதலில் மெதுவாக, ஒரு நேர்கோடாக. பிறகு பெரிய வட்டமாக ஒரு திருப்பு. வால் வீசுவதற்கு முன்பே அவர் கை அதைப் பிடித்துவிட்டது. கரையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். அப்பா கண்மாயின் எதிர்க்கரைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தார். புழுதி மட்டும் தெரிந்தது. அங்கே பனைமரங்களுக்குக் கிட்டே போனதும் சத்தம் நின்றுவிட்டது.

"ஐயோ, ஆப் ஆயிருச்சு. யாரு மிதிச்சு விடுவா? டேய், ஓடுடா தம்பி" என்று அம்மா மாமாவைப் பிடித்துத் தள்ளினார். நானும் ஓடப் பார்த்தேன். மாமா என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

"இரு அக்கா. யாரும் போகக் கூடாது."

"முட்டி மடங்காத மனுசன்டா!"

"இருங்கிறேன்ல."

எதிர்க்கரையில் சின்னதாக ஒரு உருவம் வண்டியிலிருந்து இறங்கியது. கட்டையை ஊன்றி, வண்டியைச் சுற்றி வந்தது. கிக்கர் இருந்த பக்கம் குனிந்தது, நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது. பிறகு மெல்லிசாக ஒரு சத்தம் வந்து, அறுந்து, மறுபடி வந்து, நிலைத்தது. அம்மா கரையிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வண்டிதான் கிளம்பிவிட்டதே, இதற்கு ஏன் அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

திரும்பி வந்ததும் முதல் ஆளாகக் கேட்டேன். "ஏம்ப்பா அங்க போய் ஆப் ஆயிருச்சு?"

"ஆப் ஆகல. நான்தான் நிறுத்துனேன்."

"ஏன்?"

"ஏறிக்க" என்றார். இந்த முறை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று சுற்றுச் சுற்றினார். வீட்டுக்கும் அவரே ஓட்டி வந்தார். சந்துத் திருப்பத்தில் கருங்கல் சுவரில் வண்டி உரசி ஒரு நீலக் கோடு விழுந்தது. பின்னாலேயே நடந்து வந்த மாமா, "செவுரு கோணல் மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி எனக்குக் கிடைக்கவே இல்லை. அப்பா அதில்தான் வயலுக்குப் போனார், கண்மாய்க்கு அந்தப் பக்கம் அறுப்பு நடந்தால் போய் நின்று புது டிரைவர்களைத் திட்டினார். பக்கத்துச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வரும்வரை அதுதான் அவருக்கு வண்டி. என் காரைப் பிடுங்கிக்கொண்டார் என்று நான் ரொம்ப நாள் அவரோடு உள்ளுக்குள் கோபமாக இருந்தேன். மாமாவுக்கு ஓட்டத் தெரியாததால் வந்த வினை என்று அவர் மேலும் கோபம்.

பிறகு நான் வளர்ந்து லைசென்ஸ் எடுக்க வண்டி பழகினேன். முன்னால் போவது ஒரே வாரத்தில் வந்துவிட்டது. ரிவர்ஸ்தான் வரவில்லை. "பின்னாடி எடுக்கும்போது திருப்புற சக்கரம் வால்ல இருக்குன்னு நெனச்சுக்க. கொஞ்சமா ஒடி" என்றார் சொல்லிக்கொடுத்தவர். அப்படியே பிரேக்கை மிதித்து நின்றுவிட்டேன். நீல வண்டியை முன்னால் ஓட்டுவதும் ஒரு லாரியைப் பின்னால் ஓட்டுவதும் ஒரே வேலைதான். அதை டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே செய்கிற ஆள், வெட்டவெளியில் போய் முள்ளுக்குள் எப்படி விடுவார்?

எஞ்சினைத் திருப்பி வைத்தது நிஜமான தப்புதான். அதற்கு நானே சாட்சி. முள்ளுக்குள் விட்டது கை தவறி நடந்தது இல்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் தாத்தாவிடம் சொல்லாதீர்கள். இன்றைக்கும் அந்த வண்டிப் பேச்சு வந்தால் அவர், "அத ஓட்ட இந்தச் சுத்துவட்டாரத்துல நான் ஒருத்தன்தான்டா இருந்தேன்" என்பார். பக்கத்தில் கப்பலூர் தாத்தா இருந்தால், "ஆமா மச்சான், நான் முள்ளுலதான விட்டேன்" என்று முழங்கைத் தழும்பைக் காட்டுவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். காதுகுத்து அன்று ரேடியோ செட் ஊரைக் கூட்டியது உண்மை. ஆனாலும் அவ்வளவு வருடம் எஞ்சினோடு இருந்த காது, அதுவும் சொந்த எஞ்சின், ஜன்னலுக்குக் கீழேயே கிளம்பிப் போனது தாத்தாவுக்குக் கேட்டிருக்காதா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

திங்கட்கிழமை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, லோடு எடுக்கப் போவதற்கு முன், ஒரு கம்பை வெட்டி அந்த வண்டியின் அகலத்துக்கு அளந்தேன். சந்துத் திருப்பத்துக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சுவருக்குச் சுவர் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். ஒரு முனை, கல்லில் ஏறி மங்கலாகிப்போன நீலக் கோட்டைத் தொட்டது. மறுமுனைக்கும் சுவருக்கும் நடுவில் என் கையைப் படுக்கை வசமாகக்கூட நுழைக்க முடியவில்லை. மாமாவின் ஒற்றைக் கையும் வேப்பங்குச்சியும் நினைவுக்கு வந்தன. கம்பைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கொண்டுவந்து, தார்ப்பாயை விலக்கி, கால் நீட்டும் அந்தத் தட்டின் மேல் வைத்து மூடிவிட்டுப் போனேன்.